அட்டவணையைத் திரும்பக் கொண்டுவருதல்

முதுகலை மாணவர்களுக்கு அளவுசார் ஆய்வுமுறை நடத்தும்போது, தொடக்கத்திலேயே ஆளுக்கொரு கட்டுரையைக் கையில் கொடுத்துவிடுவேன். அதே தரவை எடுத்து, கட்டுரையில் அச்சான முடிவு அட்டவணையை அப்படியே திரும்பக் கொண்டுவர வேண்டும்.

ரெக்ரெஷன், அதாவது ஒன்று மாறும்போது மற்றொன்று எவ்வளவு மாறுகிறது என்று பார்க்கும் கணக்கு, ஓட்ட ஒரு வரிக் கட்டளை போதும். பெரும்பாலானோர் மாட்டிக்கொள்வது அதற்கு முன்னாலேயே, அட்டவணைக்கு அடியில் சின்னதாக இருக்கும் மாதிரி அளவில்தான், அதாவது கணக்கில் எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்ற எண்ணில்தான். ஒரு மாணவிக்குக் 'கல்வி ஆண்டுகள்' சராசரி நம்ப முடியாத அளவுக்கு ஏறி நின்றது. ஒவ்வொரு மதிப்பும் எத்தனை முறை வருகிறது என்று பார்க்கச் சொன்னேன். பதில் சொல்லாதவர்களுக்கெல்லாம் 99 என்று குறியிட்டிருந்தார்கள்; மென்பொருள் அதை 99 ஆண்டுப் படிப்பு என்றே எடுத்துக்கொண்டது. சரி, அவர்களை நீக்கினாள். இப்போது மாதிரி அளவு கட்டுரையில் இருந்ததைவிடக் குறைந்துவிட்டது. அப்புறம்தான் அடிக்குறிப்பில் ஒரு வரி கண்ணில் பட்டது: விடுபட்ட இடங்களில் சராசரியை இட்டிருக்கிறார்கள். அப்படிச் செய்ததும் எண்கள் பொருந்தின. அவள் உடனே கேட்டாள், "சராசரியைப் போட்டு நிரப்பினால் பரவல் குறைந்துவிடாதா?" எந்த விரிவுரையாலும் அந்தக் கேள்வியை இவ்வளவு இயல்பாக வரவழைத்திருக்க முடியாது.

தாமஸ் ஹெர்ன்டன் கதையையும் வகுப்பில் சொல்வேன். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹர்ஸ்ட் வளாகத்தில் அவர் மாணவராக இருந்தபோது, வகுப்பு வேலையாக ரைன்ஹார்ட், ரோகாஃப் என்ற பொருளாதார அறிஞர்கள் இருவரின் 2010 கட்டுரையை எடுத்துக்கொண்டார். அரசுக் கடன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டிய நாடுகளின் சராசரிப் பொருளாதார வளர்ச்சி மைனஸ் 0.1 சதவீதம் என்றது அந்தக் கட்டுரை. 2013இல் ஹெர்ன்டனும் அவருடைய ஆசிரியர்கள் இருவரும் கணக்கிட்டபோது அது 2.2 சதவீதமாக வந்தது. எக்செல் சூத்திரத்தில் ஐந்து நாடுகள் விடுபட்டதைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது சராசரி எடுக்கும்போது ஒவ்வொரு நாட்டுக்கும் எடையிட்ட விதம். நியூசிலாந்தின் ஒரே ஓர் ஆண்டுக்கும் பிரிட்டனின் 19 ஆண்டுகளுக்கும் சம எடை. அது கைத்தவறு இல்லை, ஆய்வாளர் எடுத்த முடிவு.

இதைக் கேட்டதும் சிலர் பிழை வேட்டையில் இறங்கிவிடுகிறார்கள். அதை நான் ஊக்குவிப்பதில்லை. எண்கள் பொருந்தினால் தனி மதிப்பெண்ணும் கிடையாது. எந்த இடத்தில் என்ன முடிவு எடுத்தார்கள், ஏன் எடுத்தார்கள் என்று எழுதிவைத்த குறிப்பேட்டுக்குத்தான் மதிப்பெண். அட்டவணை திரும்பக் கிடைத்த பிறகு, அதில் ஒரு முடிவை மட்டும் மாற்றி மறுபடி ஓட்டச் சொல்வேன். பெரும்பாலும் அங்கிருந்துதான் அவர்களுடைய சொந்த ஆய்வுக் கேள்வி பிறக்கிறது.