தொப்புளுக்கும் சிறுநீர்ப்பைக்கும் நடுவே

4.3.2025, செவ்வாய்

ஐம்பதைக் கடந்த கைத்தறி நெசவாளர் ஒருவர் இன்று ஸ்கேனுக்கு வந்தார். நான்கு மாதமாக விட்டு விட்டுச் சிறுநீரில் இரத்தம். ஊர் கிளினிக்கில் நீர்க்கடுப்பு என்று மூன்று முறை மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். எனக்கு மனம் பொறுக்கவில்லை. வலியில்லாமல் இரத்தம் போனால் முதலிலேயே ஸ்கேனுக்கு அனுப்ப வேண்டாமா?

"இரத்தம் மட்டும் இல்லை, டாக்டரம்மா. பாவுக்குப் போடுகிற கஞ்சி மாதிரி கொழகொழவென்றும் போகிறது" என்றார். அந்த வார்த்தையை அப்படியே சீட்டில் எழுதிக்கொண்டேன்.

சிறுநீர்ப்பை சரியாக நிரம்பவில்லை. தண்ணீர் குடிக்கச் சொல்லி ஒரு மணி நேரம் உட்கார வைத்தேன். மறுபடி பார்த்தபோது பையின் உச்சியில், சரியாக நடுக்கோட்டில், ஒரு கட்டி.

6.3.2025, வியாழன்

மருந்து ஏற்றி சி.டி. எடுத்தாயிற்று. குறுக்குவெட்டுப் படங்களில் அது பைச் சுவரில் முளைத்தது போலத்தான் இருந்தது. பக்கவாட்டில் நெடுக்காக வெட்டிய படத்தைத் திருப்பியதும் எல்லாம் விளங்கிவிட்டது. கட்டியின் பெரும்பகுதி பைக்கு வெளியே. மேல்முனையிலிருந்து மெல்லிய வால் ஒன்று தொப்புளை நோக்கிப் போகிறது. உள்ளே அடர்த்தி குறைந்த கூழ். விளிம்பில் உப்புக்கல் சிதறியது போல வெள்ளைப் புள்ளிகள்: கால்சியம்.

கருவில் சிறுநீர்ப்பையின் உச்சியைத் தொப்புளோடு இணைக்கும் குழாய் யுராக்கஸ். பிறகு அது தூர்ந்து நாராகிவிடும். அந்த மிச்சத்தில் எப்போதாவது புற்று வரும். சிறுநீர்ப்பைப் புற்றுகளில் நூற்றுக்கு ஒன்றுகூட இராது. பெரும்பாலும் சளி சுரக்கும் வகை. அவர் சொன்ன கஞ்சி அதுதான்.

சீழ் பிடித்த யுராக்கஸ் நீர்க்கட்டியும் படத்தில் இப்படி ஏமாற்றும். ஆனால் காய்ச்சல் இல்லை, வலி இல்லை, விளிம்பில் கால்சியம் இருக்கிறது. அறிக்கையில் யுராக்கஸ் புற்று என்ற ஐயத்தை முதல் வரியிலேயே எழுதினேன்.

12.3.2025, புதன்

எம்.ஆர்.ஐ.யில் சளி இருந்த இடம் பளிச்சென்று வெள்ளையாகத் தெரிந்தது. குடலில் தோன்றிய புற்றும் நுண்ணோக்கியில் இதே சாயலில் இருக்கும் என்பதால் பெருங்குடலை உள்நோக்கியில் பார்த்தார்கள். அங்கே ஒன்றும் இல்லை. சிறுநீர்ப்பை வழியே எடுத்த சதைத்துணுக்கில் புற்று உறுதி. நுரையீரலும் கல்லீரலும் சுத்தம்.

25.3.2025, செவ்வாய்

அறுவை முடிந்தது. பையின் உச்சி, யுராக்கஸ் நார், தொப்புள் மூன்றையும் ஒரே துண்டாக எடுத்துவிட்டார்கள். பையின் மீதி அவருக்கே இருக்கிறது. இடம் தெரியாமல் உச்சிக் கட்டியை மட்டும் சுரண்டியிருந்தால் வேர் உள்ளேயே தங்கியிருக்கும்.

4.4.2025, வெள்ளி

நோயியல் அறிக்கை வந்தது: சளி சுரக்கும் அடினோகார்சினோமா (சுரப்பிச் செல்களில் தோன்றும் புற்று), வெட்டிய விளிம்புகளில் புற்று இல்லை.

மாலையில் வார்டுக்குப் போனேன். "தொப்புளை ஏன் எடுத்தீர்கள், டாக்டரம்மா?" என்று கேட்டார். சீட்டின் பின்பக்கத்தில் பை, நார், தொப்புள் மூன்றையும் வரைந்து காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "இழை ஒன்றுதான், நடுவில் முடிச்சு விழுந்திருக்கிறது" என்றார். அடுத்த சி.டி. ஜூலையில்.