ஈ வளர்த்த எட்டு வாரங்கள்

எம்.எஸ்சி. முதலாண்டில் யார் கேட்டாலும் "கேன்சர் பயாலஜியில் பிஹெச்டி" என்றுதான் சொல்லுவேன். ஏன் கேன்சர் என்று கேட்டால் பதில் கிடையாது. பாடத்தில் அந்த அத்தியாயம் பிடித்திருந்தது, வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்களுக்கும் சட்டென்று புரிந்தது. அவ்வளவுதான். எங்கள் கல்லூரி லேபில் நாற்பது பேருக்கு, துளித் துளியாக அளந்து எடுக்கும் மைக்ரோபிப்பெட் இரண்டு. ஒரு செமஸ்டரில் அது என் கைக்கு வந்தது மூன்று தடவை.

அந்த டிசம்பர் லீவில் ஒரு தனியார் பயிற்சி மையத்தில் 6,000 ரூபாய் கட்டிப் பதினைந்து நாள் 'இன்டர்ன்ஷிப்' போனேன். ஒருவர் டிஎன்ஏ பிரித்தெடுக்க, பன்னிரண்டு பேர் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தோம். சர்டிபிகேட் மட்டும் நல்ல கெட்டி அட்டை.

உருப்படியாகச் செய்தது அதற்கு முந்தைய மாதம் போட்ட விண்ணப்பம்தான். பெங்களூரு, டெல்லி, பிரயாக்ராஜில் இருக்கும் மூன்று அறிவியல் அகாதெமிகளும் சேர்ந்து கோடைக்கால ஆய்வு உதவித்தொகை கொடுக்கின்றன. எட்டு வாரம் ஒரு விஞ்ஞானியின் லேபில் வேலை பார்க்கலாம், நாம் பணம் கட்ட வேண்டாம், அவர்கள்தான் கொடுப்பார்கள். ஏன் வர ஆசைப்படுகிறாய் என்று சின்னதாக ஒரு குறிப்பு எழுத வேண்டும், ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். "சிறுவயது முதலே அறிவியலில் ஆர்வம்" என்று ஆரம்பித்து எழுதிக்கொண்டு போனேன். எங்கள் மேம் முதல் பத்தியை அப்படியே அடித்துவிட்டு, "ஆர்வம் எல்லாருக்கும்தான் இருக்கு. நீ என்ன செஞ்சிருக்கன்னு எழுது" என்றார். யோசித்துப் பார்த்தால், பி.எஸ்சி. கடைசி வருடம் விடுதித் தொட்டியில் வாராவாரம் கொசுப்புழு எண்ணியதுதான் இருந்தது. அதையே எழுதினேன். கிடைத்தது பெங்களூருவில் ஒரு பழ ஈ லேப். கேன்சர் எங்கே, ஈ எங்கே என்று இரண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

அப்பா மளிகைக் கடை வைத்திருக்கிறார். போனில் சொன்னதும், "நான் இங்க ஈ ஓட்டுறேன், நீ அங்க போய் ஈ வளக்கப் போறியா?" என்று கேட்டார்.

முதல் வாரம் முழுக்க விர்ஜின், அதாவது ஆணோடு இன்னும் சேராத பெண் ஈ, பொறுக்கும் வேலை. பெண் ஈ ஒருமுறை சேர்ந்துவிட்டால் அந்த ஆணின் விந்தைச் சேமித்து வைத்துக்கொள்ளும். அப்புறம் நாம் எந்த ஆணுடன் விட்டாலும் பிறக்கும் ஈக்கள் யாருடையவை என்று சொல்ல முடியாது. கூட்டை விட்டு வெளியே வந்து, 25 டிகிரியில் சுமார் எட்டு மணி நேரத்துக்குள் பிடித்துவிட வேண்டும். அதனால் காலையில் பாட்டிலைக் காலி செய்து, சாயங்காலம் புதிதாக வந்தவற்றைப் பிடிப்போம். கார்பன் டை ஆக்சைடு வரும் வெள்ளைத் தட்டில் கொட்டினால் மயங்கிக் கிடக்கும். மைக்ரோஸ்கோப்பில் பார்த்துக்கொண்டே பெயின்ட் பிரஷ்ஷால் ஆண், பெண் பிரிக்க வேண்டும். இப்போதுதான் பிறந்த பெண் ஈ வெளிறிப் போய், உடம்பு கொஞ்சம் உப்பினாற்போல இருக்கும். வயிற்றுக்குள் கரும்பச்சையாக ஒரு பொட்டு தெரியும். அந்தப் பொட்டு கண்ணில் பட எனக்கு நாலு நாள் ஆனது. பட்ட பிறகு கண்ணை எடுக்கத் தோன்றவில்லை.

மூன்றாம் வாரம் அறுபது விர்ஜின் சேர்த்து, சின்னக் குப்பிகளில் போட்டுப் பெருமையாக லேபிள் ஒட்டி வைத்தேன். நாலாம் நாள் பார்த்தால் ஒரு குப்பியில் புழு நெளிகிறது. எப்படியோ ஓர் ஆண் உள்ளே போயிருக்கிறான். எனக்கு வேலை சொல்லிக்கொடுத்த பிஹெச்டி அக்கா திட்டவில்லை. அந்தக் குப்பியை ஃப்ரீசரில் போட்டுவிட்டு, "என் முதல் வருஷத்துல மூணு மாச வேலை இப்படித்தான் போச்சு" என்றார். ராத்திரி பத்து மணி, சோளமாவும் ஈஸ்ட்டும் வெந்த வாசனை வரும் அறை. அங்கேதான் பிஹெச்டி என்றால் என்ன என்று அவரிடம் கேட்டேன். எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போவீர்கள், கைடு கோபப்படுவாரா, போன மாதம் எது சரியாக வந்தது? ஆய்வுக் கட்டுரைகளில் இல்லாத விஷயமெல்லாம் அந்த அறையில்தான் தெரிந்தது.

இருந்தாலும் கேன்சரை விட மனசில்லை. கடைசி செமஸ்டர் புராஜெக்டுக்குச் சென்னையில் ஒரு கேன்சர் லேபில் கேட்டு வாங்கிச் சேர்ந்தேன். நல்ல லேப், நல்ல மனிதர்கள். ஆனால் நான் நினைத்த கேன்சர் அங்கே இல்லை. 37 டிகிரி இன்குபேட்டரில் தட்டுத் தட்டாக செல்கள் இருந்தன. ஞாயிற்றுக்கிழமையும் போய் மீடியாவை, அதாவது செல்கள் வளரும் திரவத்தை, மாற்ற வேண்டும். ஒருநாள் காலையில் திறந்தால் சிவப்பாக இருக்க வேண்டிய மீடியா மஞ்சளாகக் கலங்கிக் கிடந்தது. பாக்டீரியா. எல்லாத் தட்டும் குப்பைக்கு. அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன், செல்லில் ஒரு புரதம் இருக்கிறதா என்று பார்க்கும் வெஸ்டர்ன் பிளாட்டைத்தான் தாங்க முடியவில்லை. ஜெல் ஓட்டி, மெம்பிரேனுக்கு மாற்றி, பால் பவுடர் கரைசலில் ஊறவைத்து, ஆன்டிபாடியில் ஒரு ராத்திரி வைத்து, மறுநாள் இருட்டறையில் பார்த்தால் வெறும் வெள்ளை. எந்தப் படியில் போனது என்று தெரியாது. மறுபடியும் முதலிலிருந்து. பக்கத்து பெஞ்சில் இருந்த பெண்ணுக்கு அதே வேலை உயிர். புரதம் இருப்பதைக் காட்டும் கோடு தெரியாவிட்டால் துப்பறிகிற மாதிரி உட்கார்ந்துவிடுவாள். எனக்கோ அழுகை வரும். பழ ஈ லேபிலும் தோற்றேன்தான், ஆனால் தோற்றது கண்ணெதிரே நெளிந்தது.

இந்தக் கடுப்பில் படிக்கும்போதுதான், பழ ஈயிலும் கட்டி வரும், கட்டியைத் தடுக்கும் ஜீன்கள் சிலவற்றை முதலில் ஈயில்தான் கண்டுபிடித்தார்கள் என்று தெரிந்தது. எட்டு வாரம் ஈ லேபில் இருந்தபோது யாராவது சொல்லியிருக்கலாம். நானும் கேட்கவில்லை.

அப்புறம் நெட் தேர்வு எழுதி, பிஹெச்டிக்கான ஜேஆர்எஃப் உதவித்தொகை கிடைத்து, இன்டர்வியூவுக்குப் போனேன். கேன்சர் பற்றி எவ்வளவோ படித்து வைத்திருந்தேன். ஒரு பேராசிரியர் பேப்பரை நீட்டி, "விர்ஜினை எப்படி அடையாளம் கண்டுபிடிப்பாய், வரைந்து காட்டு" என்றார். வயிறு வரைந்து பொட்டு வைத்தேன்.

ஆகஸ்டில் சேர்கிறேன். முதல் இரண்டு வருடம் மாதம் 37,000, அதன் பிறகு 42,000 என்று அப்பாவிடம் சொல்லியாகிவிட்டது. இதுவும் ஈதான் என்று இன்னும் சொல்லவில்லை.