பீண்யாவில் ஓர் அப்ரண்டிஸ் இடம்

என் அண்ணன் மகன் தருமபுரி மாவட்டத்து அரசு ஐ.டி.ஐ. ஒன்றில் ஃபிட்டர் பிரிவை இரண்டாண்டுகள் படித்து முடித்துவிட்டு, 2024ஆம் ஆண்டின் பிற்பகுதியில் பெங்களூர் அல்சூரில் உள்ள எங்கள் வீட்டுக்கு ஒரு தோள்பையோடும் பிளாஸ்டிக் உறையில் போட்ட சான்றிதழ்களோடும் வந்து சேர்ந்தான். பீண்யா தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலை அவனைத் தொழிற்பழகுநராக (அப்ரண்டிஸாக) எடுத்துக்கொள்ளச் சம்மதித்திருந்ததால், மறுவாரமே வேலைக்குப் போய்விடுவான் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். ஒப்பந்தம் பதிவாகி அவன் உள்ளே நுழைவதற்கு ஏறத்தாழ இரண்டரை மாதம் பிடித்தது. ஒரு மாநிலத்தில் படித்து இன்னொரு மாநிலத்தில் பயிற்சி பெற வரும் பிள்ளைகளுக்குப் பயன்படக்கூடும் என்பதால் அந்த அலைச்சலை எழுதிவைக்கிறேன்.

கல்வி 1976இல் 42ஆவது திருத்தத்தால் மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப்பட்டியலுக்குப் போனது என்பதை நம்மில் பலர் மேடைப் பேச்சுகளிலேயே கேட்டு வளர்ந்தவர்கள். ஆனால், தொழிலாளர்களுக்கான தொழிற்பயிற்சி அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த நாள் தொட்டே பொதுப்பட்டியலில்தான் இருக்கிறது என்பது எனக்கு இந்த அலைச்சலின்போதுதான் தெரிய வந்தது. அதன் விளைவை அவனுடைய உறைக்குள்ளேயே பார்க்கலாம். அவன் படித்த கட்டடமும் கற்றுக்கொடுத்த ஆசிரியரும் தமிழ்நாடு அரசைச் சேர்ந்தவை. பாடத்திட்டமும் அகில இந்தியத் தேர்வும் தேசியத் தொழிற்சான்றிதழும் ஒன்றிய அரசின் வழியாக வந்தவை. அந்தச் சான்றிதழ் இருந்ததால்தான் கர்நாடகத்தில் அவனிடம் இருப்பிடச் சான்றையோ தகுதிச் சமநிலைச் சான்றையோ யாரும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டு அம்மா, வேலையில்லாதவர்களுக்குக் கர்நாடக அரசு உதவித்தொகை தரும் யுவநிதித் திட்டத்துக்கும் எழுதிப் போடுங்கள் என்று நல்லெண்ணத்தோடு சொன்னார். அது கர்நாடகத்தைச் சேர்ந்த பட்டதாரிகளுக்கும் டிப்ளமோ படித்தவர்களுக்கும் உரியது என்பதால் இரண்டு விதத்திலும் அவனுக்குப் பொருந்தவில்லை.

முதல் தடை அவனுடைய பெயர். தொழிற்பழகுநர் பயிற்சிக்கான தேசிய இணையதளத்தில் ஆதார் மூலம் பதிவு செய்ய வேண்டும். ஆதாரில் அவன் பெயருக்குப் பின்னால் தந்தையின் முழுப்பெயர் ஒட்டிக்கொண்டிருந்தது. பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழிலும் அதைப் பார்த்து எழுதப்பட்ட ஐ.டி.ஐ. சான்றிதழிலும் முதலெழுத்து மட்டும் இருந்தது. வங்கிப் புத்தகத்தில் அந்த எழுத்து முன்னால் போய் நின்றது. “சித்தப்பா, நான் ஒருத்தன்தானா, மூணு பேரா?” என்று அவன் சிரித்தான். குடும்பப்பெயர் இல்லாத தமிழ்ப் பிள்ளைகள் வட இந்தியப் பெயர் வழக்கை மனத்தில் வைத்து அமைத்த படிவங்களில் மாட்டிக்கொள்வது புதிதில்லை என்றாலும், அந்த ஒரு எழுத்துக்காக மூன்று வாரம் போனது எரிச்சலாகத்தான் இருந்தது. சான்றிதழைத் திருத்தப் போனால் பள்ளியிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும் என்பதால், ஆதாரைச் சான்றிதழுக்கு ஏற்ப மாற்றுவது என்று முடிவெடுத்தோம். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும். ஆகவே சேவை மையத்தில் 50 ரூபாய் கட்டி, ஒப்புகைச் சீட்டில் ஒவ்வோர் எழுத்தையும் விரல் வைத்துச் சரிபார்த்த பிறகே எழுந்தோம்.

அடுத்ததாக நாங்கள் தவறான கதவைத் தட்டினோம். தேசிய இணையதளம், தேசியத் திட்டம் என்று எல்லாவற்றிலும் ‘தேசிய’ என்ற சொல் இருந்ததால், ஒப்பந்தம் பதிவாகாமல் நின்றபோது ஒன்றிய அரசு அலுவலகம் ஒன்றுக்கே இரண்டு முறை போனோம். அங்கிருந்த அதிகாரி பொறுமையாகக் கன்னடத்தில் விளக்கினார். 1961ஆம் ஆண்டுப் பழகுநர் சட்டத்தின்படி எந்த நிறுவனத்துக்கு எந்த அரசு பொறுப்பு என்பது வரையறுக்கப்பட்டிருக்கிறது. ஒன்றிய அரசின் பொதுத்துறை நிறுவனங்களும், 2014ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் இயங்கும் நிறுவனங்களும் ஒன்றிய அரசின் கீழ் வரும். மற்றத் தனியார் தொழிற்சாலைகளுக்கு மாநில அரசின் பழகுநர் ஆலோசகரே பொறுப்பு. எங்கள் தொழிற்சாலைக்குப் பீண்யாவிலும் ஓசூரிலுமாக இரண்டு கூடங்கள் மட்டுமே இருந்ததால், எங்கள் கோப்பு கர்நாடக அரசின் மேசையில் கிடந்தது. இதைத் தொழிற்சாலையின் மனிதவளப் பிரிவே முதல் நாளில் சொல்லியிருக்கலாம். அங்கே ஏறக்குறைய 120 பேர் வேலை செய்கிறார்கள். 30 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனம் குறைந்தது 2.5 விழுக்காடு பழகுநர்களை எடுத்தாக வேண்டும் என்ற விதிப்படி மூன்று பேரை எடுக்கும் கட்டாயம் அவர்களுக்கு இருந்ததே தவிர, அதை ஒழுங்காகச் செய்யும் ஆர்வம் பெரிதாக இருந்ததாகத் தெரியவில்லை.

அந்த ஆர்வக் குறைவு இன்னோர் இடத்திலும் வெளிப்பட்டது. ஒப்பந்தத்தின் முதல் வரைவில் அவனை ஃபிட்டர் என்று குறிப்பிடாமல், நிறுவனம் தானே வகுத்துக்கொள்ளும் விருப்பத் தொழில் ஒன்றின் கீழ்ப் போட்டிருந்தார்கள். மாத உதவித்தொகை அதேதானே என்று அவன் கையெழுத்துப் போடத் தயாராகிவிட்டான். சட்டத்தில் அறிவிக்கப்பட்ட தொழிலின் கீழ்ப் பயிற்சி பெற்றால்தான், ஓராண்டு முடிவில் அகில இந்தியத் தொழில் தேர்வு எழுதி, தேசியப் பழகுநர் சான்றிதழை ஃபிட்டர் பெயரிலேயே பெற முடியும். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது கேட்கப்படுவது அந்தச் சான்றிதழ்தான். நான் பிடிவாதமாக நின்று அதை மாற்றச் சொன்னேன்; அதற்கு இன்னும் பத்து நாள் ஆனது. இந்த முழு நடைமுறையில் நான் உருப்படியாகச் செய்த ஒரே வேலை இதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

டிசம்பரில் சேர்ந்தான். பீண்யா இண்டஸ்ட்ரி மெட்ரோ நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து நடந்துபோய்விடுவான். அன்றைய விதிப்படி ஐ.டி.ஐ. முடித்தவருக்கு மாத உதவித்தொகை குறைந்தது 7,000 ரூபாய். அதில் கால் பங்கை, 1,500 ரூபாய் என்ற உச்சவரம்புக்குள், ஒன்றிய அரசு பழகுநரின் வங்கிக் கணக்கில் நேரடியாகப் போடும். ஆக 5,500 ரூபாய் தொழிற்சாலையிடமிருந்து மாதாமாதம் வந்தது. 1,500 மட்டும் வரவில்லை. தொழிற்சாலை தன் பங்கைக் கொடுத்ததை இணையதளத்தில் பதியவில்லை போலும் என்று அவர்களைக் குற்றம் சாட்டிக்கொண்டிருந்தேன். அவர்கள் பதிவைத் திரையில் காட்டியபோது எனக்கு முகம் கொஞ்சம் சுருங்கிவிட்டது.

அரசின் நேரடிப் பணம் நாம் எழுதிக்கொடுக்கும் கணக்கு எண்ணைப் பார்ப்பதில்லை. ஆதாரோடு கடைசியாக இணைக்கப்பட்ட வங்கிக் கணக்கைத் தேடிப் போகிறது. ஆதார் இணையதளத்தில் அந்த இணைப்பைத் தேடிப் பார்த்தபோது, பள்ளியில் படிக்கையில் கல்வி உதவித்தொகைக்காக ஊரில் தொடங்கிய பழைய கணக்கு இருந்த வங்கியின் பெயர் வந்தது. அதோடு இணைந்திருந்த கைபேசி எண் அவன் அம்மாவுடையது. அண்ணியைக் கூப்பிட்டுக் கேட்டேன். மூன்று மாதமாக இங்கிலீஷில் ஏதோ குறுஞ்செய்தி வந்துகொண்டிருந்ததாகவும், கடன் தருகிறேன் என்று தொல்லை செய்பவர்களாக இருக்கும் என்று அழித்துவிட்டதாகவும் சொன்னார்.

பெங்களூர்க் கணக்குக்கு இணைப்பை மாற்றிவிடலாம் என்று நான் படிவத்தை எடுத்தபோது, அது அங்கேயே விழட்டும், அம்மா எடுத்துக்கொள்ளட்டும் என்று அவன் தடுத்துவிட்டான்.