விட்ட இடத்தில் தொடர்வது

மலேசியாவில் முழு நேர வேலையில் இருந்துகொண்டு தமிழில் நாவல் எழுத நினைப்பவர்கள் நேரமில்லை என்றுதான் சொல்வார்கள். நேரம் குறைவுதான். ஆனால் பாதியில் நின்றுபோன நாவல்களைக் கவனித்தால் வேறொரு காரணமும் தெரியும். செவ்வாய்க்கிழமை விட்ட காட்சியைச் சனிக்கிழமை திறக்கும்போது யார் எங்கே நின்றார்கள், அடுத்து என்ன வரவேண்டும் என்பதெல்லாம் மறந்திருக்கும். பழைய பக்கங்களைப் படித்து நினைவுக்குக் கொண்டுவரவே முக்கால் மணி நேரம் போய்விடும். படிக்கும்போது கை சும்மா இருக்காது, முதல் அத்தியாயத்தைத் திருத்த ஆரம்பித்துவிடும். அன்றைய பொழுது அதோடு சரி. இப்படியே போனால் முதல் அத்தியாயம் மெருகேறிக்கொண்டே இருக்கும், ஐந்தாம் அத்தியாயம் பிறக்கவே பிறக்காது. அதனால் கதைக்குள் திரும்பிப் போக ஆகும் நேரத்தைக் குறைப்பதற்குத்தான் முதலில் வழி தேட வேண்டும்.

இதற்கு மிகவும் உதவுவது நிறுத்தக் குறிப்பு. எழுத ஒதுக்கிய நேரத்தின் கடைசி ஐந்து நிமிடத்தை அதற்கென்றே வைத்துவிட வேண்டும். எழுதி நிறுத்திய வரிக்குக் கீழேயே, பேச்சு வழக்கில், நான்கைந்து வரி போதும். இப்படி:

“பெரியம்மா இன்னும் வாசல்லதான் நிக்கிறாங்க, உள்ள வரல. கையில ஆஸ்பத்திரி கார்டு, குமார் இன்னும் பார்க்கல. மழை விட்டிருச்சு. அடுத்து குமார் ‘பசியாறியாச்சா பெரியம்மா’ன்னு கேக்கணும். அவங்க பதில் சொல்லாம கார்டை மேசைமேல வைக்கணும். கார்டுல தேதி 14. மூணாம் அத்தியாயத்துல சொன்ன தேதியோட ஒத்துப் பாரு.”

ஆள் நிற்கும் இடம், கையில் இருக்கும் பொருள், அடுத்து வாய் திறப்பது யார். இவை மூன்றும் இருந்தால் எத்தனை நாள் கழித்து வந்தாலும் இரண்டு நிமிடத்தில் காட்சிக்குள் போய்விடலாம். “இங்கே சோகம் வரணும்” என்று எழுதி வைத்தால் நான்கு நாள் கழித்து அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. காட்சி முடிகிற இடத்தில் எழுந்துவிடுவதும் நல்லதல்ல. அடுத்த காட்சியில் இரண்டு வரியாவது எழுதிவிட்டு எழுந்தால் மறுநாள் வெறும் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்காது.

அளவுக்கு வருவோம். தமிழில் சொற்கள் ஒட்டிக்கொண்டு வருவதால் ஆங்கில நாவலுக்குச் சொல்லும் எண்ணிக்கையை நாம் சுமக்கத் தேவையில்லை. டெமி அளவுப் புத்தகத்தில் பக்கத்துக்கு ஏறக்குறைய 200 சொல் என்று வைத்தால், 200 பக்க நாவல் 40,000 சொல் வரும். நாளுக்கு 300 சொல், வாரம் ஐந்து நாள் என்றால் 27 வாரத்தில் முதல் வரைவு முடிய வேண்டும். முடியாது. இடையில் தைப்பூசம், தீபாவளி, சொந்தக்காரர் கல்யாணங்கள் வரும். கணக்குப் பிரிவில் இருப்பவர்களுக்கு மாதக் கடைசி வேறு. அந்த வாரங்களை நாட்காட்டியில் முதலிலேயே அடித்துவிட்டு 36 வாரம் என்று திட்டமிடுங்கள். அடித்த வாரங்களிலும் நாளுக்கு ஒரு தடவை கோப்பைத் திறந்து கடைசிப் பக்கத்தையும் குறிப்பையும் படித்துவிட்டு மூடினால் கதை மனத்தில் ஆறிப்போகாது.

கோலாலம்பூரில் வேலை செய்பவர்களுக்குப் பயணம் ஒரு பெரிய துண்டு நேரம். கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் கேஎல் சென்ட்ரல் நிலையம் வர ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகிறது. எல்ஆர்டி நகர ரயிலில் கோம்பாக், புத்ரா ஹைட்ஸ் போன்ற முனை நிலையங்களில் ஏறினால் உட்கார இடம் கிடைக்கும், நடுவில் ஏறினால் காலையில் நின்றுகொண்டுதான் வர வேண்டும். உட்கார இடம் கிடைத்தால் எழுதுங்கள். நிற்கும்போது எழுத முயலாதீர்கள். ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு தட்டியதில் பிழை மலிந்துவிடும், அதைத் திருத்த இன்னொரு பயணம் போய்விடும். நிற்கும் நாளில் நிறுத்தக் குறிப்பைப் படித்துவிட்டு அடுத்த உரையாடலை மனத்தில் ஓட்டிப் பார்ப்பதே போதும். செல்பேசியிலும் கணினியிலும் ஒரே விசைமுறையை வைத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் (கணினிக்கு), செல்லினம் (செல்பேசிக்கு) ஆகிய தட்டச்சுச் செயலிகள் இரண்டிலும் தமிழ் 99 விசைமுறை உண்டு, அதனால் விரல் தடுமாறாது. கோப்பை இணையம் இல்லாமலும் திறக்கும்படி அமைத்துவிடுங்கள். சுரங்கப் பகுதியில் இணைப்பு விட்டுப்போனால் ஒரே காட்சிக்கு இரண்டு வடிவம் சேர்ந்துவிடும், எது புதியது என்று தேடுவது பெரிய தலைவலி.

வேலை முடிந்து வீடு திரும்பிய பிறகு புதிய காட்சி எழுதுவது பலருக்கும் ஓடாது. அதை விடியற்காலைக்கு விட்டுவிட்டு, இரவில் சில்லறை வேலைகளைப் பாருங்கள்: தேதி சரிபார்ப்பது, உரையாடலை வாய்விட்டுப் படிப்பது, சொற்பட்டியலை நிரப்புவது. இந்தச் சொற்பட்டியல் நம் ஊர் நாவலுக்குக் கட்டாயம் வேண்டும். விவரிப்பில் ரிங்கிட், பேச்சில் வெள்ளி. விவரிப்பில் சென், பேச்சில் காசு. கிராமத்தைக் குறிக்கும் மலாய்ச் சொல்லைக் கம்பம் என்று எழுதுவதா, கம்போங் என்றா? தாப்பாவ் என்பதை எந்தப் பாத்திரம் சொல்லும், எது ‘பொட்டலம் கட்டு’ என்று சொல்லும்? பல மாதங்களாக விட்டு விட்டு எழுதும்போது இவைதான் முதலில் பிசகும். ஒரே பாட்டி இரண்டாம் அத்தியாயத்தில் ஒரு மாதிரியும் பத்தாம் அத்தியாயத்தில் வேறு மாதிரியும் பேசினால் வாசகருக்கு அந்தப் பாட்டிமேல் நம்பிக்கை போய்விடும். ஒரே பக்கத்தில் எழுதி வைத்தால் போதும்.

அலுவலகக் கணினியில் நாவலை வைக்காதீர்கள். 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், வேலையின் பகுதியாக உருவாக்கும் படைப்பு முதலாளிக்குப் போகும். உங்கள் நாவல் அப்படிப்பட்டதல்ல, ஆனாலும் எது எந்த நேரத்தில் எழுதியது என்ற பேச்சுக்கே இடம் கொடுக்க வேண்டாம். வேலையை விடும் நாளில் அந்தக் கணினியைத் திருப்பிக் கொடுக்கவும் வேண்டும்.

லீவை முதல் வரைவுக்குச் செலவழிப்பது வீண் என்பது என் உறுதியான கருத்து. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் தரும் குறைந்தபட்ச ஆண்டு விடுப்பு முதல் இரண்டு ஆண்டுகளில் 8 நாள், ஐந்து ஆண்டுக்குள் 12, அதற்கு மேல் 16. முதல் வரைவைத் துண்டு துண்டாக எழுதிவிடலாம், திருத்தத்தை அப்படிச் செய்ய முடியாது. நாவல் முழுவதும் ஒரே நேரத்தில் மனத்தில் இருந்தால்தான் எட்டாம் அத்தியாயம் தேவையில்லை என்பது தெரியும். சனி ஞாயிறோடு நான்கு நாள் லீவைச் சேர்த்து, முழுவதையும் ஒன்றரை வரி இடைவெளியில் தாளில் எடுத்து, பேனாவோடு உட்காருங்கள். முதல் இரண்டு நாள் படிக்க மட்டும். வரிப் பிழை கண்ணில் பட்டால் வட்டம் போட்டுவிட்டு நகருங்கள்.

அச்சுக்குக் கொடுக்கும்போது யூனிகோடு கோப்பை அப்படியே பக்கம் அமைக்கச் சொல்லுங்கள். பழைய எழுத்துருவுக்கு மாற்றினால் கொம்பும் காலும் இடம் மாறும், மேற்கோள் குறிகள் கெடும். சொந்தமாக வெளியிடுபவர்கள் புத்தகத்தின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னைத் தேசிய நூலகத்தில் பெற வேண்டும். புத்தகம் வெளியான ஒரு மாதத்திற்குள் அதே நூலகத்துக்கு ஐந்து பிரதிகள் அனுப்புவதும் சட்டப்படி கட்டாயம், அதனால் அச்சகத்தில் எண்ணிக்கை சொல்லும்போது அந்த ஐந்தையும் சேர்த்தே சொல்லுங்கள்.