வலது பக்கம் நின்று சொன்னது

ஒரு காது மட்டும் கேட்பவர்களுக்குச் சத்தம் வரும் திசையை அறியப் பழக்குவது எங்கள் பயிற்சி. எட்டாவது நாள் பயிற்சி முடிந்து, தலையில் மாட்டியிருந்த மெய்நிகர் கருவியைக் கழற்றும்போதுதான் பயிற்சிக்கு வந்தவர் கேட்டார்: "விடிகாலையில் சைக்கிளில் பேப்பர் போடப் போகிறேனே மேடம், ஹாரன் எந்தப் பக்கம் என்று இனி என் காதை நம்பலாமா?"

"நம்பலாம் அண்ணா" என்றேன். பின்பட்டையை அவிழ்ப்பதற்காக அந்தப் பக்கம் நகர்ந்து, "ஆனாலும் திரும்பிப் பார்த்துவிட்டு ஒதுங்குங்கள்" என்றும் சொன்னேன். தலையாட்டினார்.

நான் நகர்ந்தது அவருடைய வலது பக்கம். சிறு வயதில் பொன்னுக்கு வீங்கி வந்து கேட்காமல் போன காது அது. கதவு திறந்திருந்தது, வெளியே டோக்கன் எண் கூப்பிடும் சத்தம் நேராக அவருடைய இடது காதில் விழுந்துகொண்டிருந்தது. நான் சொன்ன இரண்டாவது வாக்கியம் அவருக்குக் கேட்டதா? காது சரியாகக் கேட்காதவர்களில் பலர் பாதி கேட்காவிட்டாலும் தலையாட்டிவிடுவார்கள். இந்த வேலையில் இருக்கும் எனக்கு அது தெரியாததல்ல.

'நம்பலாம்' என்ற முதல் வார்த்தையையும் நான் சும்மா சொல்லவில்லை. ஓர் ஒலி இரு காதுகளையும் வந்தடையும் நேர வித்தியாசம் ஒரு மில்லி விநாடிகூட இருக்காது. மூளை திசையறிய அது முக்கியமான தடயம். ஒரு காது போனால் அந்தக் கணக்கே போய்விடும், எல்லாச் சத்தமும் நல்ல காதின் பக்கமிருந்தே வருவதுபோல் தோன்றும். ஆனாலும் மூளை வேறு வழி தேடும். 1998இல் வெளிவந்த நெதர்லாந்து ஆய்வொன்றில், காது மடலுக்குள் அச்சு வைத்து அதன் வடிவத்தை மாற்றினார்கள். ஒலி மேலிருந்து வருகிறதா கீழிருந்தா என்று தடுமாறியவர்கள் சில வாரங்களில் மறுபடி பழகிக்கொண்டார்கள். இவரும் முதல் நாள் எல்லாவற்றுக்கும் இடது பக்கமே கை நீட்டியவர். எட்டாம் நாள், கருவிக்குள் தெரியும் ஒலிபெருக்கிகளில் சத்தம் வந்ததையே பெரும்பாலும் சரியாகத் தொட்டார். அந்த முகத்தைப் பார்த்து வேறென்ன சொல்லியிருக்க முடியும்?

ஆனால் எப்படித் தொட்டார்? தலையை மெல்ல இரு பக்கமும் திருப்பி, சத்தம் எங்கே ஓங்குகிறது என்று தேடி. எங்கள் பயிற்சியில் அவர் தொடும்வரை ஒலி நிற்காது. லாரி ஹாரன் அப்படிக் காத்திருக்காது. நம் சாலைகளில் முந்தும் வண்டி வலது பக்கமாகத்தான் வரும். அதை இடது என்று நினைத்துவிட்டால், விலகுவதாக எண்ணி அதன் முன்னாலேயே போய்விடுவார்.

பயிற்சி வீண் என்று சொல்ல மாட்டேன். கடைத்தெருவில் மகள் கூப்பிட்டால் முன்போல் திகைத்து நிற்பதில்லை என்று அவரே சொன்னார். தேட நேரமிருக்கும் இடங்களை நினைத்துத்தான் நம்பலாம் என்றேன். அவர் கேட்டதோ சாலையைப் பற்றி.

மறுநாள் போன் செய்து, சைக்கிளின் வலது கைப்பிடியில் கண்ணாடி மாட்டச் சொன்னேன். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "அப்படியானால் எனக்கு இன்னும் சரியாகவில்லையா?" என்றார்.

"நன்றாகவே முன்னேறியிருக்கிறது அண்ணா" என்றேன். "கண்ணாடியும் இருக்கட்டும்."

மறுபடியும் அதே வரிசையில்தான் சொல்லியிருக்கிறேன்.