உள்ளிருந்தது தீர்ந்த பின்

மாரி மழை தொடங்குவதற்கு முந்திய வாரங்களில், மட்டக்களப்பு நகரை அண்டிய வீடுகளுக்கு டெங்குப் பரிசோதனைக்காகச் செல்வது என் பணிகளுள் ஒன்று. மழைக்கு முன்பே செல்வதற்குக் காரணம் உண்டு. டெங்கைப் பரப்பும் ஈடிஸ் நுளம்பு, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டியவாறு முட்டையிடுகிறது. அம்முட்டைகள் காய்ந்த நிலையிலும் பல மாதங்கள் உயிர்ப்போடிருந்து, தண்ணீர் பட்டதும் பொரிக்கின்றன. எனவே புரட்டாதி வெயிலில் வெறுமையாகக் கிடக்கும் பாத்திரங்களையும் நான் கவிழ்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அவற்றுள் பெரும்பாலானவை பாத்திரமாக வாங்கப்பட்டவையே அல்ல. யோகட் கோப்பை, ஐஸ்கிரீம் பெட்டி, மாஜரின் டப்பா, கடைக்கறி வந்த மூடியுள்ள பிளாஸ்டிக் கிண்ணம், சோடாப் போத்தல் என, உள்ளிருந்ததற்காக வாங்கப்பட்டு, அது ஒரு பொழுதில் தீர்ந்த பின், குசினித் தட்டில் இடம் போதாமல் பின்வளவுக் கொட்டிலுக்கும் கடைசியில் கிணற்றடிக்கும் நகர்ந்தவை அவை.

இதைச் சோம்பல் என்று சிலர் சொல்வதை நான் ஏற்பதில்லை. ஆரையம்பதிப் பக்கம் ஒரு வீட்டில், கூரை வரை அடுக்கியிருந்த பெட்டிகள் எதற்கென்று கேட்டபோது, "காசு குடுத்து வாங்கின சாமான் மகன், நல்லாத்தானே கிடக்கு, வீச மனம் வருகுதில்ல" என்றார் வயதான அம்மா ஒருவர். போர்க்காலத்தில் மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்து, 2004 சுனாமியில் சட்டி பானை வரை இழந்த கரையோரக் குடும்பங்களிடம், மூடி கழலாத ஒரு பெட்டியைக் குப்பை என்று வாதிடுவது எளிதன்று. அந்த அம்மாவின் கணக்கில் பிழையில்லை. சில நாட்களுக்குரிய உணவை ஆண்டுக்கணக்கில் உழைக்கும் பெட்டியில் அடைத்தவரின் கணக்கில்தான் பிழை.

400 கிராம் பால்மாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஈரமும் காற்றும் புகாமல் மாவைக் காப்பது உள்ளேயுள்ள அலுமினியம் கலந்த உறை. வெளியே இருக்கும் மட்டைப்பெட்டி கடைத்தட்டில் நிமிர்ந்து நிற்பதற்கும் நிறுவனத்தின் படத்தைத் தாங்குவதற்கும்தான் பெரிதும் பயன்படுகிறது. பழைய சாமான் வாங்க வருபவர் மட்டையை எடுப்பார். பிளாஸ்டிக்கும் உலோகமும் பிரிக்க முடியாதபடி ஒட்டிய உறையைத் தொடவும் மாட்டார்.

இதற்கு மாற்றாக மண்ணாலான தயிர்ச்சட்டியைப் புகழ்வது எங்கள் பகுதியில் வழக்கம். சட்டியிலும் நுளம்பின் குடம்பி (முட்டையிலிருந்து வரும் புழு) வளரும். வேலிக்கரைகளில் கவிழ்த்தவை ஏராளம். ஆயினும் உடைந்த சட்டியை எங்கே அனுப்புவது என்ற கேள்வி எழுவதில்லை. பிளாஸ்டிக்குக்கு அக்கேள்வி எழுகிறது, குப்பை வண்டியில் ஏற்றிவிட்டால் அது தீர்வதுமில்லை: அம்பாறை மாவட்டத்தின் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பிளாஸ்டிக்கைத் தின்று எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ இருபது யானைகள் இறந்ததாக 2022 ஜனவரியில் செய்திகள் வெளிவந்தன.

சட்டங்கள் இல்லாமல் இல்லை. ரெஜிபோம் உணவுப் பெட்டிகளும் பொலித்தீன் லஞ்ச் சீற்றுகளும் 2017 செப்டெம்பரில் தடைசெய்யப்பட்டன. 2021இல் சிறு சஷே பைக்கற்றுகள் தடைக்குள் வந்தபோது உணவுக்கும் மருந்துக்கும் விலக்களிக்கப்பட்டது. நான் கவிழ்ப்பவற்றிலோ உணவுப் பெட்டிகளே மிகுதி. மறுபுறம், 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டம் வளவின் உரிமையாளரையும் குடியிருப்பாளரையுமே பொறுப்பாக்குகிறது. குடம்பியைக் கண்டால் நான் அறிவித்தல் கொடுப்பதும் அவர்களுக்குத்தான். கொடுக்கத்தான் வேண்டும், காய்ச்சல் காத்திராது.

எனினும் எங்கள் பதிவுகளில் யோகட் கோப்பையும் உடைந்த வாளியும் 'கைவிடப்பட்ட கொள்கலன்கள்' என்ற ஒரே வகைக்குள் அடங்கிவிடுகின்றன. பொதியாக வந்தவற்றைத் தனியே பிரித்து எழுதினால், எந்தப் பொருளின் பெட்டி எத்தனை வளவுகளில் நுளம்பு வளர்க்கிறது என்பதை அதைத் தயாரிப்பவர் முன் வைக்க முடியும். அதற்குத் தேவைப்படுவது படிவத்தில் இன்னொரு நிரல் மட்டுமே.