கோத்தகிரியில் ஒரு நாலாயிரம் ரூபாய் ஜிம்

மலையில் வாழ்பவனுக்கு உடற்பயிற்சி தனியாக எதற்கு, ஏறி இறங்குவதே போதாதா என்று சமவெளியிலிருந்து வரும் உறவினர்கள் கேட்பதுண்டு. கோத்தகிரியில் எங்கள் வீட்டிலிருந்து சாலைக்கு வருவதற்கே செங்குத்தான படிக்கட்டு ஏற வேண்டும் என்பதால், கால்களுக்கும் மூச்சுக்கும் நாள்தோறும் வேலை கிடைத்துவிடுகிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் பகல் முழுவதும் கணக்கேடுகளின் மேல் குனிந்து உட்கார்ந்திருக்கும் என்னைப் போன்றவனின் தோளுக்கும் முதுகுக்கும் கைப்பிடிக்கும் அந்தப் படிகளால் பெரிய பயன் இல்லை. விடிகாலையில் நடக்கப் போகலாம் என்றால், தேயிலைத் தோட்டத்து ஓரங்களில் காட்டெருமையும் கரடியும் நமக்கு முன்பே நடைப்பயிற்சிக்கு வந்துவிடுகின்றன. கடைவீதிப் பக்கம் இருக்கும் ஜிம்மில் சேரலாம் என்றால், மாதக் கட்டணத்தோடு தவறிப்போகும் கடைசிப் பேருந்தையும் கணக்கில் சேர்க்க வேண்டியிருக்கிறது. ஆகவே வீட்டின் பின்புறத் தாழ்வாரத்திலேயே, ஏறத்தாழ நாலாயிரம் ரூபாய்க்குள், எனக்குத் தேவையானதை அமைத்துக்கொண்டேன்.

குறைந்த செலவில் வீட்டில் பயிற்சி செய்ய நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் வாங்குவது டம்பெல் செட்தான். என் கருத்தில் அது கடைசியாக வாங்க வேண்டிய பொருள். பத்துக் கிலோ என்பது இரும்பில் இருந்தாலும் மணலில் இருந்தாலும் பத்துக் கிலோதான். எதைத் தூக்குகிறோம் என்று தசை விசாரிப்பதில்லை. எடை என்பது கல்லாக, மண்ணாக, அரிசி மூட்டையாக நம்மைச் சுற்றிக் கிடக்கிறது. நம் உடலைத் தாங்குகின்ற பொருள்கள் அப்படிக் கிடைப்பதில்லை. தொங்கும் கம்பி, அதைப் பிடித்திருக்கும் போல்ட், கால் ஊன்றும் தரை ஆகியவற்றில் மலிவு பார்த்தால், மிச்சம் பிடித்த பணம் பல் மருத்துவரிடம் போய்ச் சேரும். கையில் இருந்த சொற்பப் பணத்தை இவற்றுக்கு மட்டும் செலவிடுவது, எடைகளை நானே செய்துகொள்வது என்று முடிவு செய்தேன்.

கம்பிக்காக முதலில் போனது குழாய் விற்கும் ஹார்டுவேர் கடைக்கு. ஒரு இஞ்சு ஜி.ஐ. பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) என்று கேட்டதும், கடைக்காரர் மஞ்சள் பட்டை அடித்த ஒன்றையும் நீலப் பட்டை அடித்த ஒன்றையும் எடுத்துப் போட்டு, "தண்ணிக்கா சார், வேற எதுக்காவதா?" என்று கேட்டார். தொங்குவதற்கு என்றேன். "அப்ப மஞ்சளைத் தொடாதீங்க, நீலம் எடுங்க" என்றார். மஞ்சள் பட்டை ஏ கிளாஸ் எனப்படும் மெல்லிய குழாய், நீலம் பி கிளாஸ், சிவப்பு சி கிளாஸ். பி கிளாஸில் சுவர்த் தடிமன் ஏறத்தாழ 3.2 மில்லிமீட்டர். குழாய்க் கடையில் ஒரு இஞ்சு என்பது உள்விட்டத்தை ஒட்டிய கணக்கு. வெளிவிட்டம் 33 மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக இருக்கும். பெரும்பாலான பெரியவர்களின் கைக்குள் இது நன்றாக அடங்கும். நீளம் மிக முக்கியம். இரு முனைகளில் மட்டும் தாங்கப்பட்ட இந்தக் குழாய், நான்கு அடி இடைவெளியில் எழுபது எழுபத்தைந்து கிலோ மனிதர் தொங்கி ஏறுவதைத் தாங்கிவிடும். ஆறு அடி இடைவெளி விட்டு, தொங்குபவர் துள்ளவும் செய்தால் வளைந்துபோக வாய்ப்பு உண்டு. ஏனெனில் துள்ளும் கணத்தில் கம்பியின் மேல் விழும் சுமை உடல் எடையை விட அதிகம்.

கம்பியை எங்கே மாட்டுவது என்பதுதான் மலையில் உண்மையான சிக்கல். இங்குள்ள பழைய வீடுகளும் தோட்டத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய எஸ்டேட் லயன் வீடுகளும் பல இடங்களில் மண் சாந்தில் எழுப்பிய கல்சுவரும் மரச் சட்டத்தின் மேல் தகரமுமாக இருக்கும். அந்தச் சட்டத்தில் கயிறு கட்டித் தொங்குவது கூரையையே கீழே இழுக்கும் வேலை; மண் சாந்தில் ஆங்கர் போல்ட் நிற்காது, ஹாலோ பிளாக் சுவரிலும் நிற்காது. உள்ளே இரும்புக் கம்பி வைத்துக் கட்டிய கான்கிரீட் லிண்டல் (கதவு, சன்னலுக்கு மேல் வரும் விட்டம்) அல்லது தூண் இருந்தால் மட்டுமே அதில் துளையிட்டு மாட்டலாம். எங்கள் தாழ்வாரத்தில் இரண்டு கான்கிரீட் தூண்கள் இருந்ததால், தடித்த தகட்டு கிளாம்பு வைத்துத் தூணுக்கு இரண்டு போல்ட் வீதம் போட்டு முடித்தோம். வேலை செய்து கொடுத்த தம்பியும் நானும் ஒரே நேரத்தில் தொங்கிப் பார்த்த பிறகுதான் அவருக்குக் கூலி கொடுத்தேன். இந்தச் சோதனையை யாரும் விட்டுவிடக் கூடாது.

தூண் இல்லாதவர்கள் முற்றத்தில் இரண்டு அடி ஆழத்துக்குக் குழி எடுத்து, தடித்த குழாய்களைக் கான்கிரீட்டில் நட்டு, குறுக்கே கம்பி போடலாம். கற்பூர மரக் (யூகலிப்டஸ்) கழி மலிவாகக் கிடைக்கிறதே என்று அதை நட வேண்டாம்; இங்குள்ள ஈர மண்ணில் தரையோடு ஒட்டிய இடத்தில்தான் அது முதலில் உளுக்கும், மேலே பார்த்தால் ஒன்றுமே தெரியாது.

அடுத்த செலவு தரை. சிமெண்டுத் தரையின் மேல் மெல்லிய யோகா பாய் விரித்தால், வியர்வையும் மூடுபனியின் ஈரமும் சேர்ந்து அதன் அடியில் பூஞ்சாணம் பிடித்துவிடும். நான் வாங்கியது மாட்டுக் கொட்டகையில் விரிக்கும் கனத்த ரப்பர் பாய். தீவனம், கறவைச் சாமான் விற்கும் கடைகளில் கேட்டால் கிடைக்கும். ஒரு பசு நாள் முழுவதும் நின்று, படுத்து, மிதிக்கத் தாங்குவது நம் தண்டாலைத் தாங்காதா? அடிப்பக்கம் வரிவரியாக இருப்பதால் காற்றும் தண்ணீரும் போக வழி உண்டு. பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவலாம். முதல் சில வாரங்கள் ரப்பர் நெடி அடிக்கும் என்பது ஒன்றுதான் குறை. மொத்தச் செலவில் பாதிக்கு மேல் இதற்கே போயிற்று என்றாலும் எனக்கு வருத்தம் இல்லை.

இனி எடைகள். தண்ணீர் பாட்டிலை நிரப்பித் தூக்குங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கே தடை உள்ள நீலகிரியில் அந்த அறிவுரை செல்லாது. கிடைத்தாலும் ஒரு லிட்டருக்கு ஒரு கிலோதான். காய்ந்த மணல் லிட்டருக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ, இறுகிய கான்கிரீட் ஏறத்தாழ 2.4 கிலோ. ஆகவே நான்கு லிட்டர் பெயிண்ட் வாளி ஒன்றைக் கான்கிரீட்டால் நிரப்பினால் ஒன்பதரைக் கிலோ எடை கிடைக்கிறது. ஒரு பங்கு சிமெண்டு, இரண்டு பங்கு எம்-சாண்டு, நான்கு பங்கு அரை இஞ்சு ஜல்லி என்ற வழக்கமான கலவைக்கு, ஒரு வாளிக்கு ஒன்றேகால் கிலோ சிமெண்டு போதும். முழு மூட்டை வாங்க வேண்டியதில்லை. இந்த ஈரக் காற்றில் மீதிச் சிமெண்டு சீக்கிரமே கட்டிதட்டிப் போகும் என்பதால் சில்லறையாக வாங்குவதே நல்லது. பக்கத்தில் வீடு கட்டுபவர்கள் இருந்தால் ஒரு சட்டி கலவை சும்மாவே கிடைக்கும். கலவை இறுகும் முன் நடுவில் ஒரு துண்டுக் குழாயை வளையமாக வளைத்துப் புதைத்தால் கைப்பிடி தயார். வாளியை உடைத்து எடுக்காமல் அப்படியே விட்டுவிட வேண்டும்; ஓரம் உதிராது, தரையும் கீறாது. ஒரு வாரம் ஈரச் சாக்கு போட்டு மூடி வைத்து, பிறகும் பொறுமையாக இருப்பது அவசியம். கான்கிரீட்டின் வலிமையை 28 நாள் கணக்கில்தான் சோதிப்பார்கள். குளிரில் அது இன்னும் மெதுவாகவே இறுகும்.

மணல் மூட்டை கான்கிரீட்டை விடப் பயனுள்ளது என்பேன், ஏனென்றால் அது கைக்குள் நிற்காமல் நழுவும். நழுவுவதைப் பிடித்து நிறுத்த இடுப்பும் வயிறும் முதுகும் ஒன்றாக உழைக்க வேண்டியிருக்கும். ஒரே பையில் கொட்டாமல், ஐந்து ஐந்து கிலோவாகத் தடித்த பாலிதீன் உறையில் கட்டி ஒட்டி, அந்தப் பொட்டலங்களைப் பழைய கான்வாஸ் பையில் போட்டால், வலிமை கூடக் கூட ஒரு பொட்டலம் சேர்த்துக்கொண்டே போகலாம். மணலை நன்றாக வெயிலில் உலர்த்தியபின் கட்ட வேண்டும், இல்லையேல் உள்ளேயே நாறும். கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் பெருமழை தருவது வடகிழக்குப் பருவமழைதான் என்பதால், அக்டோபர் முதல் டிசம்பர் வரை இந்த வேலையைத் தொடங்காமல், பிப்ரவரி, மார்ச் வெயிலுக்குக் காத்திருப்பது புத்திசாலித்தனம்.

அதுவரை அரிசி மூட்டை இருக்கிறது. 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான பொட்டல அரிசிக்கு ஜி.எஸ்.டி. வந்த பிறகு, கடைகளில் 26 கிலோ மூட்டையாகவே வரத் தொடங்கியது. ஆகவே வீட்டுக்கு வீடு ஒரு 26 கிலோ பயிற்சிக் கருவியை அரசாங்கமே ஏற்பாடு செய்து கொடுத்திருக்கிறது. சாப்பிடச் சாப்பிட எடை குறைந்துகொண்டே போகும் என்பதால் மாதக் கடைசியில் அதை நம்ப முடியாது. நான் மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு பஸ்கி (உட்கார்ந்து எழும் பயிற்சி) எடுப்பதை முதல்முறை பார்த்த அம்மா, "மூட்டை தூக்கணும்னா தோட்டத்துக்கு வாடா, கூலியாவது கிடைக்கும்" என்றார். ஆயுள் முழுவதும் பச்சைத் தேயிலை மூட்டை சுமந்தவர் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை.

கல்லைத் தூக்கி வலிமை பார்ப்பது நமக்குப் புதிதும் அல்ல. தென்மாவட்டங்களில் ஊர்தோறும் இளவட்டக்கல் கிடந்தது. உதகையை அடுத்த முத்தநாடு மந்து என்ற தோடர் குடியிருப்பில், அந்தப் பழங்குடியினரின் மொற்பர்த் பண்டிகையில் இளைஞர்கள் இன்றும் இளவட்டக்கல் தூக்குகிறார்கள். ஆனால் பயிற்சி இல்லாதவர் வழவழப்பான உருண்டைக் கல்லில் தொடங்க வேண்டாம். கை நழுவினால் கல் விழும் இடம் நம் கால்தான்.

செய்யும் பயிற்சிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தண்டால், பஸ்கி, கம்பியில் தொங்கி ஏறுதல், மணல் மூட்டையைத் தரையிலிருந்து நெஞ்சுக்கு எடுத்தல், கான்கிரீட் வாளிகள் இரண்டை இரு கையில் பிடித்து நடத்தல், இவ்வளவுதான். தண்டாலில் உடல் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கைகளின் மேல் இறங்குகிறது. அது கடினமாக இருந்தால் படிக்கட்டின் மேற்படியில் கை ஊன்றித் தொடங்கி, வாரம் செல்லச் செல்ல ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கலாம். கம்பியில் ஏற முடியாதவர்கள், லாரியில் சரக்குக் கட்டும் நைலான் பெல்ட்டைக் கம்பியில் போட்டு, காலைத் தரையில் ஊன்றிச் சாய்ந்தபடி இழுக்கலாம். எவ்வளவு சாய்கிறோமோ அவ்வளவு கடினம். விடியலில் மார்கழிக் குளிரில் உடம்பு மரத்துக் கிடக்கும்போது எடையைத் தொடுவதற்கு முன் பத்து நிமிடமாவது கைகால்களைச் சூடேற்ற வேண்டும். கீழிருந்து வந்து தங்குபவர்கள் இரண்டு மூன்று நாள் பொறுத்துத் தொடங்குவது நல்லது. 1,800 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான், மூச்சு வாங்கும்.

இரும்பை நான் ஒதுக்கியதற்கு விலை மட்டும் காரணம் அல்ல. இங்கே இரவில் குளிர்ந்து கிடக்கும் இரும்பின் மேல் காலை மூடுபனி பட்டதும் தண்ணீர் முத்துமுத்தாக அரும்பி நிற்கும்; அதோடு கையின் உப்பு வியர்வையும் சேர்ந்தால் துரு பிடிக்க அதிக நாள் ஆகாது. ஜி.ஐ. குழாயின் துத்தநாகப் பூச்சு இதைப் பெரும்பாலும் தடுத்துவிடுகிறது. வெட்டிய முனைகளிலும் மரை போட்ட இடங்களிலும் மட்டும் பூச்சு போயிருக்கும், அங்கே பிரைமரும் பெயிண்டும் அடித்தால் போதும். போல்ட்டுகளுக்கு எண்ணெய் விட வேண்டும். தேங்காய் எண்ணெய் இங்கே பாட்டிலுக்குள்ளேயே உறைந்து கிடக்கும், எனவே தையல் மிஷின் எண்ணெய். போல்ட் தளர்ந்திருக்கிறதா என்று மாதம் ஒருமுறை ஸ்பேனர் போட்டுப் பார்க்கிறேன்.

டிரெட்மில் பற்றியும் கேட்கிறார்கள். சாலைக்கு ஏறும் படிகள் வாசலிலேயே இருக்கும்போது அதற்குப் பணம் கொடுப்பது வீண். மழைக்காலத்தில் ஈரத்துணி காயப் போட ஒரு கைப்பிடி கிடைக்கும் என்பது வேண்டுமானால் அதன் நன்மை.

அடுத்து வாங்க நினைப்பது பழைய இரும்புக் கடையில் அவ்வப்போது வந்து விழும், தண்டில் கோத்துத் தூக்கும் எடைப் பிளேட்டுகளை. புதிதின் விலையில் ஒரு பகுதிக்கே கிடைக்கும். மேலே பிடித்த துருவை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பெயிண்ட் அடித்துக்கொள்ளலாம், விரிசல் விட்டதை மட்டும் எடுக்கக் கூடாது. அவற்றின் துளை பெரும்பாலும் 28 முதல் 30 மில்லிமீட்டர் என்பதால் தண்டாகப் போட ஒரு இஞ்சுக் குழாய் நுழையாது. முக்கால் இஞ்சு ஜி.ஐ. குழாயின் வெளிவிட்டம் ஏறத்தாழ 27 மில்லிமீட்டர், அது நுழையும். ஆனால் அதில் மொத்தம் முப்பது நாற்பது கிலோவுக்கு மேல் ஏற்ற மாட்டேன். கடைக்குப் போகும்போது ஒரு சாண் நீளத் துண்டுக் குழாயைப் பையில் போட்டுக்கொண்டு போனால், துளையில் விட்டுப் பார்த்தே வாங்கலாம்.